பேசாத பிள்ளை: அற்புதமும் அட்டவணையும்

1

குழந்தை எப்போது பேச வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? குழந்தை மருத்துவரின் அறையோடு முடிந்துபோகிற கேள்வியாக இது தெரியலாம். ஆறேழு மாதத்தில் 'பபப', 'மமம' என்று ஒலியடுக்கு. ஒரு வயதில் முதல் சொல். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்து ஒரு பேச்சு. மூன்று வயதில் அந்நியருக்கும் விளங்குகிற மாதிரி. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை இப்படிப் போகிறது. அதில் எந்தத் தெரு, எந்தச் சாதி, வீட்டில் எந்த மொழி என்ற விவரம் இருக்காது. எல்லாக் குழந்தைக்கும் பொதுவானது என்பதுதான் அதன் பலம். இந்தப் பொதுமை எப்படி உண்டாயிற்று, அது வருவதற்கு முன்னால் பேசாத பிள்ளையை நம் சமூகம் என்ன செய்தது, வந்த பிறகு என்ன செய்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பழனிக்குப் பக்கத்திலுள்ள நெய்க்காரப்பட்டிக்காரன். எங்கள் பக்கம் 'வளர்ச்சிப் படிநிலை' என்று யாரும் சொல்வதில்லை. 'தலை நின்னுருச்சா', 'குப்புற விழுந்துட்டானா', 'ஆளைப் பாத்துச் சிரிக்குதா', 'எட்டு வச்சுட்டாளா', 'அம்மா சொல்லுதா' என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதுதான் அட்டவணை. இதில் மாதக் கணக்கு உண்டு; ஆனால் கணக்குத் தப்பினால் குற்றமில்லை. 'அவங்கப்பனும் இப்பிடித்தான், அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்' என்று ஒரு கிழவி சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அதுக்கும் மேலே பயம் வந்தால் வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். அதற்கும் பேச்சு வரவில்லையென்றால் கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள்.

இந்த நிதானத்துக்குள் ஒரு கருணை இருக்கிறது. ஒரு கொடுமையும் இருக்கிறது. எது எங்கே தொடங்குகிறது என்று பார்க்கத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

2

பழைய பாட்டுகளில் குழந்தையின் பேச்சு அளந்து பார்க்கிற பொருளாக இல்லை. புறநானூற்றின் 92-ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சொல்வதைக் கவனியுங்கள். பிள்ளைகளின் மழலை யாழோடு ஒத்துவராது, காலத்தோடு பொருந்தாது, பொருளும் விளங்காது. ஆனாலும் அது தந்தையருக்கு அருளைச் சுரக்கவைக்கிறது. என் வாய்ச்சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார். பரிசில் பெற வந்த புலவர் அதிகாரத்தின் முன்னால் தன்னைக் குழந்தையாக்கிக்கொள்கிறார். சொல்லின் மதிப்பு சொல்பவரிடம் இல்லை, கேட்பவனின் தயவில் இருக்கிறது என்பது இதன் உட்பொருள். மக்கட்பேறு அதிகாரத்தில் வள்ளுவரும் மழலையின் இனிமையைப் பெற்றவரின் காதில்தான் வைக்கிறார். அடுத்தவன் வீட்டுக் குழந்தையின் மழலை எப்படிக் கேட்கும் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

மாதக் கணக்கு நம்மிடம் பிள்ளைத்தமிழோடு வருகிறது. பெரியாழ்வார் கண்ணனைப் பாடியதில் இதன் வித்து இருக்கிறது. தனி நூலாக 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என ஏழு பருவம் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் பிரித்தார்கள். மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் இவை வரும் என்று பாட்டியல் நூல்கள் கணக்குச் சொல்லின. ஐந்தாம் மாதச் செங்கீரைக்குக் கீரைச் செடிபோல அசைந்தாடுவது என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். 'கீர்' என்றால் சொல், ஆகவே அது குழந்தை சொல்லத் தொடங்கும் பருவம் என்று இன்னொரு பொருளும் சொல்கிறார்கள்.

ஆக, கெசலின் அட்டவணைக்குப் பல நூற்றாண்டு முந்தியே தமிழில் குழந்தை வளர்ச்சிக்கு ஒரு அட்டவணை இருந்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். தமிழ்ப் பெருமை பேசுவோர் அப்படித்தான் செய்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். பத்துப் பருவத்திலும் தாயின் குரலில், செவிலியின் குரலில் புலவர் பேசிக்கொண்டே இருக்கிறார். ஆடு என்கிறார், கைகொட்டு என்கிறார், முத்தம் தா, வா என்கிறார். நிலாவையே கூப்பிட்டுக் குழந்தையோடு விளையாட வரச் சொல்கிறார். குழந்தை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பெயரில் பிள்ளையும் தமிழும் இருக்கிற இந்தப் பிரபந்தத்தில் பிள்ளையின் தமிழ் இல்லை. அது பேசப்படுகிற குழந்தை. அரசனாக, தெய்வமாக இருப்பதால் அது பேச வேண்டிய தேவையும் இல்லை.

3

பேசாத பிள்ளை நம் இலக்கிய வரலாற்றுக்குள் வருகிற இடம் குமரகுருபரரின் கதை. 17-ஆம் நூற்றாண்டு, ஸ்ரீவைகுண்டம். ஐந்து வயதுவரை வாய் பேசாமல் இருந்த பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூர்ச் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார். பின்னாளில் இவர்தான் மதுரையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். காசிக்குப் போய் மடம் அமைக்க முயன்றபோது, அங்கிருந்த முகலாய அதிகாரத்தோடு பேச இந்துஸ்தானி வேண்டியிருந்ததாம். சகலகலாவல்லி மாலை பாடி அதையும் பெற்றாராம். தாய்மொழி ஒரு அற்புதம், இரண்டாம் மொழி இன்னொரு அற்புதம்.

இதற்கும் முன்னால் சீர்காழியில் மூன்று வயதுச் சம்பந்தர் ஞானப்பால் உண்டு பதிகம் பாடியதைப் பெரிய புராணம் சொல்கிறது. முருகனே தகப்பனுக்குப் பிரணவம் சொன்ன பிள்ளை. பழனி மலையைப் பார்த்தபடி வளர்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இது பால்குடியோடு வருகிற கதை.

இக்கதைகள் நடந்தனவா என்று விசாரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவை என்ன வேலை செய்கின்றன என்பதே கேள்வி. மூன்று விஷயம் சொல்லலாம். முதலாவது, இவற்றில் பேச்சு வளர்வதில்லை. ஒரே நொடியில் முழுசாக, யாப்போடு இறங்குகிறது. குழறல் இல்லை, 'தண்ணி' என்பதைத் 'தன்னி' என்று சொல்லிப் பழகும் காலம் இல்லை. இரண்டாவது, பேசாமை ஒரு காத்திருப்பாக மாறுகிறது. பேசாத ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு குமரகுருபரர் ஒளிந்திருக்கலாம். ஆகவே ஐந்து வயசு வரைக்கும் பொறு. மூன்றாவது, ஏட்டில் ஏறி நம்மிடம் வந்து சேர்ந்த அற்புதங்கள் பிராமணக் குழந்தைக்கும் சைவ வேளாளக் குழந்தைக்கும் நடந்தவை. வாய் திறக்காமலே வளர்ந்து 'ஊமையன்', 'ஊமைச்சி' என்ற பெயரோடு ஆடு மேய்த்துச் செத்துப்போன பிள்ளைகளுக்கு வரலாறு இல்லை. எங்கள் ஊர்களில் அந்தப் பட்டப்பெயர்தான் அவர்கள் விட்டுப்போன ஒரே ஆவணம்.

4

அற்புதமும் இலக்கணமும் கண்டுகொள்ளாத இடத்தில் குழந்தையின் பேச்சு தொடங்குகிறது. இரண்டு மூன்று மாதப் பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் 'ங்கு சொல்லு, ங்கா சொல்லு' என்பார்கள். பிள்ளையும் 'ங்கா' என்னும். தொல்காப்பியத்தின் மொழிமரபு சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளைப் பட்டியலிடுகிறது. அதில் ங இல்லை. பிற்காலத்து நன்னூல் 'அங்ஙனம்', 'இங்ஙனம்' போன்றவற்றை வைத்து அதற்கு ஒரு மூலையில் இடம் தந்தது. தமிழ்க் குழந்தையின் முதல் உரையாடலே தமிழ் இலக்கணம் விலக்கிய ஒலியில் நடக்கிறது. மல்லாந்து படுத்த சிசுவின் நாக்கு பின்னண்ணத்தை ஒட்டிக் கிடப்பதால் முதலில் எழுவது கடைவாய் ஒலிதான் என்று ஒலியியலார் விளக்குவார்கள். பெண்கள் அதற்குப் பதில் சொல்கிறார்கள், முறை வைத்துப் பேசுகிறார்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பது ஒலியை அல்ல. 'நான் பேசினால் நீ நிறுத்து, நீ பேசினால் நான் கேட்கிறேன்' என்கிற ஒப்பந்தத்தை.

பிறகு 'மம்மு' வருகிறது. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகனைக் கவனித்து எழுதிய குறிப்புகளை 1877-இல் 'மைண்ட்' இதழில் வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்காகத் தானாகவே ஒரு சொல்லை உண்டாக்கியது என்கிறார். அச்சொல் 'மம்'. இங்கே சோற்றுக்கு மம்மு, அங்கே 'மம்'. பால் குடிக்கும் வாய் மூடியிருக்க, மூக்கின் வழியே எழும் முனகலே இந்த மகரத்தின் தோற்றம் என்று ரோமன் யாக்கப்சன் பின்னாளில் வாதிட்டார். இலண்டன் கனவான் வீட்டுக் குழந்தையும் கரும்புக்காட்டு ஓரம் தூளியில் கிடந்த குழந்தையும் இந்த இடத்தில் ஒன்றுதான். அட்டவணையின் பொதுமைக்கு ஒரு உண்மையான அடித்தளம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஆனால் டார்வினின் குறிப்பு இன்னும் ஒரு தகப்பனின் குறிப்பு. அதை அளவுகோலாக மாற்றியவர் ஆர்னால்ட் கெசல். 1911-இல் யேல் பல்கலைக்கழகத்தில் குழந்தை ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். குவிமாடம் போன்ற கூண்டுக்குள் குழந்தையை வைத்து, வெளியிலிருந்து படமெடுத்தார். மாதவாரியாகக் குழந்தை செய்வதைப் பட்டியலிட்டார். அவர் முன்னால் கொண்டுவரப்பட்டவை பெரும்பாலும் நியூ ஹேவன் நகரத்து வெள்ளை நடுத்தர வர்க்கக் குழந்தைகள். அவர்கள் செய்தது 'இயல்பு' ஆயிற்று. கூண்டு, கண்காணிப்பு, ஆவணம், வரிசைப்படுத்தல் என்று ஃபூக்கோ சிறைக்கும் பள்ளிக்கும் சொன்னதெல்லாம் தொட்டிலுக்கும் பொருந்துகிறது.

அந்தப் பட்டியல்களின் வழியில் நான்சி பெய்லியின் அளவைகள் வந்தன. பரோடாவில் பிரமிளா ஃபாட்டக் அவற்றை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்பத் திருத்தினார். பரோடாவின் அளவிலிருந்து 17 கேள்விகளைப் பொறுக்கி 1991-இல் திருவனந்தபுரத்தில் ஒரு எளிய அட்டவணை செய்தார்கள். ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்துப் பார்த்தாலே போதும், பிள்ளை பின்தங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். யேலின் கூண்டு இப்படிப் படிப்படியாகச் சுருங்கி அங்கன்வாடிப் பணியாளரின் கைக்கு எட்டுகிற தாளாயிற்று. இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. ஏழைப் பிள்ளையிடம் போய்ச் சேருகிற கருவி மலிவாகத்தான் இருக்க வேண்டும்.

அளவுகோல் அசையாத கல் என்ற நினைப்பும் அண்மையில் உடைந்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் தன் பட்டியலைத் திருத்தியது. அதுவரை பாதிக் குழந்தைகள் எட்டுகிற வயதைக் குறித்துவந்தவர்கள், முக்கால்வாசிப் பேர் எட்டுகிற வயதுக்கு மாற்றினார்கள். இரண்டு வயதில் சொல்லியாக வேண்டிய ஐம்பது சொல் இரண்டரை வயதுக்குத் தள்ளிப்போயிற்று. எந்தக் குழந்தையின் நாக்கும் மாறவில்லை, கோடு மாறியது. இதனால் உதவி தாமதமாகும் என்று அங்கேயே பேச்சுச் சிகிச்சையாளர்கள் எதிர்த்தார்கள். 'மைல்கல்' என்ற உவமை நம்மை ஏமாற்றுகிறது. மைல்கல் சாலையில் கிடக்கிறது. இது கூட்டத்தின் சராசரியில் இருக்கிறது. எந்தக் கூட்டம் என்பதே அரசியல்.

5

இந்தியாவில் அரசு குழந்தையிடம் வந்தது பெரும்பாலும் தராசோடுதான். 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் முதல் அடி வைத்தது. 1985-இல் திண்டுக்கல் மாவட்டம் பிரியும்வரை பழனி வட்டாரமும் மதுரை மாவட்டம்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துருண்டை. பிள்ளையின் வாழ்வில் பேச்சு பிறக்கிற அதே முப்பது மாதம்! ஒவ்வொரு மாதமும் குழந்தை தூக்கிப் பார்க்கப்பட்டது. அது என்ன பேசுகிறது என்று கேட்கப்படவில்லை. பசி முதலில் என்பது நியாயம். 2013-இல் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் வந்த பிறகுதான் காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் அங்கன்வாடியில் தேட வேண்டியவற்றின் பட்டியலில் ஏறின.

இங்கே நெய்க்காரப்பட்டிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்களில் தமிழ் மட்டும் கேட்பதில்லை. நாயக்கர் வீடுகளில் தெலுங்கு. அருந்ததியர் குடியிருப்புகளில் பல வீடுகளிலும் தெலுங்கு. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மையத்தில், எந்த ஊர் மையம் என்பது வேண்டாம், இரண்டரை வயதுப் பெண்பிள்ளையின் பெயருக்கு நேரே 'பேச்சு இல்லை' என்று குறித்திருந்ததைப் பார்த்தேன். சாயங்காலம் தாய் வந்து இடுப்பில் தூக்கியதும் அந்தப் பிள்ளை நாய் வந்தது, தண்ணீர் கொட்டியது என்று தெலுங்கில் பொரிந்து தள்ளியது. 'குக்க', 'நீள்ளு' என்ற சொற்கள் அந்தப் பதிவேட்டில் சொற்களாகவில்லை. பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுப்பும் எடையும் பதிவேடும் செல்போன் செயலியும் அவர் தலையில். வீட்டில் என்ன மொழி என்று கேட்க அந்தத் தாளிலேயே இடமில்லை.

தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் இதே கதை வேறு விதத்தில் உண்டு. வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்கிற பிள்ளைக்கு உச்சரிப்புக் குறை என்று எழுதிவிடலாம். அதன் தாயும் தாத்தாவும் மதுரை, திண்டுக்கல் சமவெளி முழுவதும் அப்படித்தான் பேசுகிறார்கள். 'வந்துச்சு' என்பது பிழையில்லை, இந்தப் பிள்ளை கேட்டு வளர்ந்த தமிழின் இலக்கணம்.

அந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறார்கள் என்பதை ராகவேந்திராவும் லெனார்டும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆங்கிலக் குழந்தைகள் வினைவிகுதியில் தடுமாறுகிற வயதில், தமிழ்க் குழந்தைகள் வினைமுற்றின் விகுதிகளைப் பெரும்பாலும் தப்பில்லாமல் சொல்கிறார்கள். தமிழில் விகுதி சொல்லின் கடைசியில் தெளிவாகக் காதில் விழுகிறது, ஒழுங்காகவும் இருக்கிறது. மொழியியல் இதோடு நிற்கிறது. நாம் நிற்க முடியாது. இரண்டு இரண்டரை வயதில் பிள்ளை 'வந்தான்', 'வந்தா', 'வந்தாங்க' என்று பிரிக்கக் கற்கும்போது, யாருக்கு 'ங்க', யாருக்கு 'டா' என்பதையும் கற்கிறது. ஆதிக்கசாதி வீட்டு முற்றத்தில் அறுபது வயசுத் தொழிலாளியை மூன்று வயதுப் பொடியன் பேர் சொல்லி 'டேய் இங்க வாடா' என்று கூப்பிடுவான். பெரியவர்கள் கண்டிக்க மாட்டார்கள். 'பாரு, என்னமாப் பேசுறான்' என்று சிரிப்பார்கள். கூப்பிடப்பட்டவரின் பேரன் அதே வயதில், அதே முற்றத்தில், வாயைத் திறக்காமல் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அட்டவணைப்படி முதல் பிள்ளை முன்னேறிவிட்டது, இரண்டாவது பின்தங்கியிருக்கிறது. உண்மையில் இரண்டு பிள்ளைகளும் ஒரே பாடத்தைக் கற்றுவிட்டன. ஒன்று எங்கே பேசலாம் என்றும், மற்றது எங்கே பேசக்கூடாது என்றும். சாதியும் ஒரு தாய்மொழிதான். அதன் மைல்கற்களை எந்த மருத்துவரும் குறித்துவைப்பதில்லை.

ஏழை வீட்டில் குழந்தையோடு குறைவாகப் பேசுகிறார்கள், ஆகவே அக்குழந்தைகள் பின்தங்குகின்றன என்ற வாதம் 1995-இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு அமெரிக்கர்களின் நூலுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது. மூன்று கோடிச் சொல் இடைவெளி என்றார்கள். குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசிக்கொள்வதையும் சேர்த்து எண்ணினால் படம் மாறுகிறது என்று ஸ்பெர்ரி குழுவினர் 2019-இல் எழுதினார்கள். பப்புவா நியூ கினியின் கலுலி மக்கள் சிசுவிடம் கொஞ்சிப் பேசுவதே இல்லை. அங்கேயும் பிள்ளைகள் பேசத்தான் செய்கின்றன. களத்துமேட்டில் பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசுகிற பேச்சுக்கு நடுவே வளர்கிற குழந்தைக்குச் சொல் பஞ்சமில்லை.

6

இதுவரை படித்த தோழர்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள்: அட்டவணை அதிகாரத்தின் கருவி, அதை நிராகரிப்போம். என் முடிவு அதுவல்ல. நிராகரிக்கிற வசதி பேசுகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்குத்தான் உண்டு.

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் 'ங்கா' சொல்லும். அழும், சிரிக்கும், கை தட்டினால் அசைவைப் பார்த்துத் திரும்பும். அதனால் தாய்க்குச் சந்தேகம் வராது. தெளிவான 'பபப', 'மமம' வரத் தாமதமாகிறபோதுதான் முதல் குறி தெரியும். அந்தக் குறியைப் படிக்க அட்டவணை வேண்டும். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டுகிற வழக்கமுள்ள சமூகங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை கூடுதல் என்பது மருத்துவம் பலமுறை எழுதிய செய்தி. சொத்தும் சாதியும் வெளியே போகாமல் காக்க நாம் கண்ட ஏற்பாட்டின் விலையைக் குழந்தையின் காது கொடுக்கிறது.

இப்போது அந்த ஐந்து வயதுக் கதையைத் திரும்பப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டில் உள்செவிக் கருவி பொருத்துவது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத்தான். வயது ஏற ஏற மூளை ஒலியை மொழியாக்கும் திறன் குறைகிறது. ஒன்று இரண்டு வயதில் கிடைக்கிற பலன் ஐந்தில் கிடைக்காது. 'அஞ்சு வயசுல பேசிருவான்' என்று காத்திருந்த குடும்பம் கோயில் வாசலிலிருந்து எழுந்து வரும்போது கதவு ஏறக்குறையச் சாத்தியிருக்கும். காசுள்ளவன் காத்திருப்பதில்லை, பிறந்த இரண்டாம் நாளே தனியார் மருத்துவமனையில் சில நிமிடத்தில் காதைச் சோதித்துவிடுகிறான். அற்புதத்தை நம்பிக் காத்திருக்க வேண்டியவர்கள் கூலிக்காரர்கள் மட்டும்தான். கருவி கிடைத்தாலும் அதன் பழுதுக்கும் மின்கலத்துக்கும் வாரந்தோறும் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் பஸ் செலவுக்கும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டும்.

கருவிதான் ஒரே வழி என்றும் நான் சொல்லவில்லை. 1880-இல் மிலான் மாநாடு சைகைமொழியைப் பள்ளிகளிலிருந்து விரட்டத் தீர்மானம் போட்டது. வாயால் பேசினால்தான் மனிதன் என்ற அந்தக் கருத்து இன்னும் நம் சுவரொட்டிகளில் உயிரோடு இருக்கிறது. சைகை பேசும் பெற்றோரிடம் வளரும் குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று 1991-இல் பெட்டிட்டோவும் மாரென்டெட்டும் காட்டினார்கள். ஆகவே பிள்ளைக்குத் தேவையானது மொழி. அது நாக்கில் வரலாம், கையிலும் வரலாம். வரக்கூடாதது மொழியே இல்லாத ஐந்து வருஷம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் அதன் 21 வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டத்தைக் கையிலெடுக்க நமக்குச் சில கோரிக்கைகள் வேண்டும். அரசு மருத்துவமனையில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்குப் போகுமுன் காது சோதனை. அங்கன்வாடித் தாளில் முதல் கேள்வியாக, 'வீட்டில் என்ன மொழி?'. பேசவில்லை என்று எழுதுமுன் தாயோ பாட்டியோ பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. தாமதம் உறுதியானால் பழனி அளவிலேயே பயிற்சி; திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் அலைக்கழிக்காமல். சைகைமொழி தெரிந்த ஒரு ஆசிரியராவது வட்டாரத்துக்கு ஒருவர்.

அட்டவணையைத் தீர்ப்பாக ஏற்கவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். தீர்ப்பாக இருக்கும்போது அது பிள்ளையைப் பார்த்து 'நீ ஏன் பேசவில்லை' என்று கேட்கிறது. நம் கைக்கு வந்தால் அதே தாளை வைத்து அரசைக் கேட்கலாம்: 'இந்தப் பிள்ளைக்கு இரண்டு வயசாகிறது, இதுவரை நீ என்ன செய்தாய்?'